பழைய மலரில் உள்ள சொல்லைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனத்தைப் புண்படுத்தும் சொற்களைப் பழைய நூல்களிலிருந்து நீக்கிவிட்டு மறுபதிப்புச் செய்வதே நாகரிகம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் நான் அதை மூன்று முறை படித்தேன். அதே வேலைதான் இப்போது என் மேசை மேல் கிடக்கிறது.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் 1953-இல் வெளியிட்ட ஆண்டு மலரை மறுபதிப்புச் செய்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைந்துவிட்டதால், மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு ஓய்வுபெற்ற நூலகரான என்னிடம் வந்தது. மலரில் என் தாத்தா எழுதிய நான்கு பக்கக் கட்டுரை ஒன்று உண்டு. 1949 ஜனவரி 13, 14-இல் டர்பனில் நடந்த கலவரத்தைப் பற்றியது. விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை அடித்ததில் மூண்டு, மறுநாள் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகே வாழ்ந்த கேட்டோ மேனர் பகுதியில் வீடு வீடாக எரிந்தது. 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். தாத்தாவின் கடையும் சாம்பலானது.

அந்தக் கட்டுரையில் ஆப்பிரிக்கர்களைத் தாத்தா குறிப்பிடுவது, அக்காலத் தமிழர் வாயில் கூச்சமில்லாமல் புழங்கிய இழிசொல்லால். அரபியில் 'நம்பாதவன்' என்று பொருள்பட்ட சொல் இந்த நாட்டில் சாட்டையாகிவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப வீசியதற்காக 2018-இல் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனையே விதித்தது. நான் அதைச் சொல்வதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. தாத்தா ஏழு இடங்களில் எழுதியிருக்கிறார்.

ஏழு இடங்களிலும் 'ஆப்பிரிக்கர்' என்று மாற்றிவிடச் சொல்கிறது மலர்க்குழு. அவர்களுடைய அச்சம் பொய்யில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர் மிகுதியாக வாழும் பீனிக்ஸ் பகுதியில் அத்தனை ஆப்பிரிக்கர்களின் உயிர்கள் போன பிறகு, இந்தப் பக்கத்தை யாராவது கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பினால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடவில்லை.

ஆனால் ஆறாவது இடத்தைப் பாருங்கள். அன்றிரவு என் பாட்டியையும் பிள்ளைகளையும் தன் குடிசையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சூலு இன ஆப்பிரிக்கர் ஒருவரைப் பற்றித் தாத்தா அங்கே எழுதுகிறார். அவர் எங்கள் நிலத்தில் குடிசை போட்டு ஆறு ஆண்டுகள் வாடகை கொடுத்தவர். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. குடிசைக்குள் நிறைந்திருந்த புகையையும், அந்த வீட்டு அம்மாள் கொடுத்த அமாசி என்னும் புளித்த பாலையும், வெளியே ஆட்கள் வந்து விசாரித்தபோது அந்த மனிதர் வாசலை அடைத்து நின்றதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா நன்றியோடுதான் எழுதியிருக்கிறார். "எங்கள் குலத்தைக் காத்தவனும் ஒரு" என்று தொடங்கி, அதே இழிசொல்லைப் போட்டு, "அவன் பெயர் எனக்குத் தெரியாது" என்று முடிக்கிறார்.

ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் வாடகையை எண்ணி வாங்கியவருக்குப் பெயர் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. குழு சொல்கிறபடி 'ஓர் ஆப்பிரிக்கர்' என்று மாற்றி, 'அவன்' என்பதையும் 'அவர்' ஆக்கிவிட்டால் அது இரண்டு அண்டை வீட்டாரின் நட்புக் கதையாகிவிடும். என் குடும்பத்துக்குப் பெருமைதான். ஆனால் அப்படி ஒரு நட்பு அங்கே இருக்கவில்லை. உயிரைக் காத்தவரைக்கூட அந்தச் சொல்லால்தான் நினைக்க முடிந்தது என்பதே அந்தப் பக்கத்தில் இருக்கும் உண்மை. அதை அழிக்க எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மலரில் வெள்ளையர் நம்மைக் 'கூலி' என்று அழைத்த கொடுமையைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. நம் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி'யைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நம் எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிட்டதைக் காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். அதையும் மலர் எடுத்துச் சொல்கிறது. இவற்றில் ஓர் எழுத்தையும் மாற்ற யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் வலி தெரிய வேண்டுமாம். நாம் வாங்கிய அடி அச்சில் இருக்க வேண்டும், நாம் கொடுத்த அடி மட்டும் மறைய வேண்டும் என்றால் எனக்குச் சம்மதமில்லை. காந்தியின் தொடக்ககால எழுத்துகளிலும் ஆப்பிரிக்கரை இழித்துச் சொல்லும் அதே சொல் இருக்கிறது. தொகுப்பு நூல்களில் அது அப்படியே இருப்பதால்தான் இன்று அவரைப் பற்றி இங்கே நேருக்கு நேர் வாதாட முடிகிறது.

பெயரை மாற்றிய அனுபவம் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் புதிதும் அல்ல. ஒப்பந்தத்தில் வந்த இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி 1872-இல் விசாரணைக் குழு கூடிய பிறகு, அவர்களுக்குப் பொறுப்பாக 'கூலி ஏஜெண்ட்' என்றிருந்த அதிகாரி 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' ஆனார். கரும்புத் தோட்டத்தில் மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கிய சம்பளம் அதே நிலையில்தான் இருந்தது. 1895-இல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங்.

எழுபதுகளில் நான் நூலக வேலையில் சேர்ந்தபோது நிறவெறி அரசு தடை செய்த புத்தகங்களின் பட்டியல் ஒரு தடித்த கோப்பாக இருந்தது. புதிய தாள்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைச் செருகுவது என் வேலை. 1979-இல் எங்கள் நாட்டு எழுத்தாளர் நாடின் கார்டிமரின் நாவல் ஒன்றைத் தடை செய்தார்கள். நான் என் கைகளால் எத்தனையோ புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் எது பூட்டப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்; பட்டியலில் பெயர் இருந்தது. சத்தமில்லாமல் சொல்லை மாற்றிய புத்தகத்தில் அப்படி ஒரு தடயமும் இருக்காது. என் பேத்தி மாற்றிய மலரைப் படித்தால், அவளுடைய கொள்ளுத் தாத்தா அப்படித்தான் எழுதினார் என்றே நம்புவாள்.

குழந்தைகளின் கதைப் புத்தகம் வேறு. 2023-இல் ஆங்கிலக் குழந்தைக் கதாசிரியர் ரோல்ட் டாலின் நூல்களில் 'கொழுத்த' போன்ற சொற்களைப் பதிப்பகம் மாற்றியபோது எழுந்த கூச்சலில் பாதியை நான் ஏற்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்காகக் கதையை மாற்றிச் சொல்லலாம், நம் பாட்டிமார் சொல்லாததா? ஆனால் மாற்றியதை அட்டையிலேயே சொல்ல வேண்டும். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டது போதாது. பழைய பாடத்திலேயே ஒரு தனிப் பதிப்பும் வரும் என்று எதிர்ப்புக்குப் பிறகுதானே அறிவித்தார்கள்.

தாத்தாவின் ஏழு சொற்களும் அப்படியே இருக்க வேண்டும், கட்டுரைக்கு முன்னால் தமிழிலும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் ஒரு பக்க முன்னுரை வேண்டும் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த முன்னுரையை என் பெயரிலேயே எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் என்னிடம் வரட்டும். சொல்லை மாற்றினால் மெய்ப்புப் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

முன்னுரையில் அந்தக் குடிசைக்காரரின் பெயரைப் போட விரும்புகிறேன். 1949-க்கு முந்திய கேட்டோ மேனரின் வாடகைச் சீட்டுகள், கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள் எவையேனும் வாசகர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.