வீட்டை மட்டும் பாத்துட்டு வந்துட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அமெரிக்காவுல பரம்பரையா வர்ற பழைய பண்ணை வீடுகள் பத்தி ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா போட்டோ எல்லாம் வராண்டா, மாடிப்படி, பழைய சோபான்னு வீட்டுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. பின்னாடி நிக்குற கொட்டகைங்களுக்கு ஒரே ஒரு வரி. பண்ணையே அங்கதானே சார் நடந்துச்சு!

பென்சில்வேனியா பக்கம் பேங்க் பார்ன்னு ஒரு வகைக் கொட்டகை உண்டு (பார்ன்னா பண்ணைக் கொட்டகை, பேங்க்னா இங்க மேட்டுச் சரிவு), மேட்டுச் சரிவை ஒட்டியே கட்டிருப்பாங்க, மேட்டுப் பக்கமா வந்தா வண்டி வைக்கோலோட நேரா மேல்தளத்துக்கே போயிடும், மாடு கீழ்த்தளத்துல, மேல இருந்து தள்ளிவிட்டா போதும், தலைச்சுமையே கிடையாது. மக்காச்சோளக் கதிர் போட்டு வைக்கிற கொட்டகைல பலகைக்குப் பலகை வேணும்னே இடைவெளி விட்டிருப்பாங்க, காத்து புகுந்து காயணும்ல. ஊத்துக்கு மேலயே சின்னதா ஒரு கல்வீடு கட்டி, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல பாலையும் வெண்ணெயையும் அந்தக் குளுந்த தண்ணிலதான் இறக்கி வெச்சிருக்காங்க. அந்தக் குடும்பம் எப்படிப் பொழைச்சுச்சுன்னு இதுலதான் தெரியும், சோபாவைப் பாத்து என்ன தெரிஞ்சுக்கறது.

அப்புறம், தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுல சேத்துட்டா யாரும் இடிக்க முடியாதுங்குற மாதிரி எழுதிருந்தீங்க, அது சரியில்ல. 1966 சட்டத்துல வந்த பதிவேடு அது, பண்ணையைச் சேக்கும்போது வரலாற்றோட சம்பந்தப்பட்ட கொட்டகை எது, பின்னாடி கட்டுனது எதுன்னு தனித்தனியா எண்ணி எழுதுவாங்க, அது வரைக்கும் நல்ல விஷயம். ஆனா தனியார் சொத்தா இருந்து, ஃபெடரல், அதாவது மத்திய அரசு, பணமோ பெர்மிட்டோ உள்ள வரலைன்னா, ஓனர் இடிக்கிறதை அந்தப் பதிவு தடுக்காது, உள்ளூர் சட்டம் ஏதாவது இருந்தாத்தான் உண்டு. பதிவேட்டுல இருக்குற, வருமானம் வர்ற கட்டிடத்தை மத்திய அரசு விதிப்படி புதுப்பிச்சா செலவுல 20 சதவீதம் வரிச்சலுகை உண்டு, ஓனர் குடியிருக்குற வீட்டுக்கு அது கிடையாது, விவசாயத்துக்கு ஓடுற பார்னுக்குக் கிடைக்கும். இதைச் சொல்லிருந்தா கட்டுரையோட கதையே வேற மாதிரி இருந்திருக்கும்.

புது மெஷின் எல்லாம் பழைய பார்ன் வாசல்ல நுழையாது, அதனால சும்மா கிடக்கும், சும்மா கிடந்தா கூரையை யாரும் பாக்க மாட்டாங்க, ஒழுக ஆரம்பிச்சா உத்தரம் இத்துப்போயி மொத்தமா சரிஞ்சிடும். அடுத்த கட்டுரைக்கு ஆளை அனுப்புனா முதல்ல கொட்டகைக்கு உள்ள போய் அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்