கூரைச் சூட்டையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-25ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், மூன்றரை லட்சம் ரூபாய் செலவில் 360 சதுர அடி வீடு கட்டப்படுகிறது; அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போட வேண்டும் என்பது விதி. மழைக்கும் தீக்கும் அஞ்சிக் குடிசையில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரும் பேறு. ஆனால், வேலூர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில், அந்தத் தளத்தின் மேல் என்ன போடுகிறோம் என்பதிலும் அரசு அக்கறை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாடி இல்லாத வீட்டில் வெயில் நாள் முழுவதும் விழுவது கூரையில்தான். ஐந்து அங்குலக் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. மின்விசிறியும் அந்தச் சூடான காற்றையே சுழற்றுவதால், சித்திரை, வைகாசியில் வீட்டார் பாயோடு வாசலுக்கு வந்து படுப்பதை, நானே முன்னின்று கட்டிய வீடுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

நம் கொத்தனார்களுக்கு இதற்கு வழி தெரியாமல் இல்லை. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓடு பதிப்பார்கள். அது மழைநீரைத் தடுத்ததோடு வெயிலையும் தாங்கியது. ஆள்கூலி கட்டுப்படியாகாத இடத்தில் வெள்ளை ஓடு பதிக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால், ஆண்டுதோறும் பங்குனிக்கு முன் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். தளம் போடும்போதே, கம்பிகளுக்கு இடையில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்க்கும் முறையும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய இம்முறையில் காங்கிரீட்டும் மிச்சமாகிறது.

சுவருக்கு நிலக்கரிச் சாம்பலில் செய்த சாம்பல் கல்லா, ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த காங்கிரீட் கல்லா, செங்கல்லா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். காற்றுக் குமிழிகள் நிறைந்த ஏஏசி பிளாக் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மையே. இருந்தாலும் சிறிய வீட்டில் கைப்பணம் குறைவாக இருந்தால், முதலில் கூரைக்கும் அடுத்து மேற்குச் சுவருக்கும் செலவிடுங்கள் என்பேன். முகப்பு அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு மொட்டை மாடியை வெறும் தளமாக விடும் வழக்கம் வசதியுள்ளவர்களிடமும் இருக்கிறது.

குடியிருப்புகளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த மத்திய அரசு 2018இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மேற்பூச்சு இல்லாத காங்கிரீட் தளத்தில் அது மூன்று வாட்டுக்கும் அதிகம். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைக் கருதியே எழுதப்பட்டது. மிகுதியாக வெந்துபோகும் சிறு வீடுகள் அதற்குள் வரவில்லை. கூரைச் சூட்டைக் குறைக்கத் தெலங்கானா 2023இல் கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கையிலோ, ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

ஆகவே, ஊரக வளர்ச்சித் துறை இவ்வீடுகளுக்கான மதிப்பீட்டில் வெள்ளை ஓடு அல்லது தட்டோடு பதிப்பதற்கென்று தனித் தொகை ஒதுக்கி, அந்த வேலை முடிந்ததைப் பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
வேலூர்.