நியூகிரேஞ்சில் அம்மாவின் கையைப் பிடித்த அக்காவுக்கு

போன சனிக்கிழமை அயர்லாந்தின் டப்ளினிலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்த, யாழ்ப்பாணத் தமிழ் பேசிய அக்காவுக்கு நன்றி. அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

பழைய அரசர்களின் தாரா குன்று, பழைய மடாலயம் இருந்த மொனாஸ்டர்பாய்ஸ், அப்புறம் நியூகிரேஞ்ச். ஒரே நாளில் ஓட்டமாக ஓடினோம். நியூகிரேஞ்ச் சுமார் கி.மு. 3200இல் கட்டிய கல்லறை, எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையது. உள்ளே போகும் கல்வழி 19 மீட்டர். சில இடங்களில் குனிந்து, உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடியும். முழங்கால் வலியோடு அம்மா வாசலிலேயே தயங்கி நின்றார். என் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள்தான் "வாங்கோ அம்மா" என்று கைபிடித்து உள்ளறைவரை கூட்டிப் போனீர்கள். டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் விடியும்போது வெயில் இந்த உள்ளறைவரை நுழையும். அது எப்படி இருக்கும் என்று காட்ட, வழிகாட்டி விளக்கை அணைத்தார். அந்த இருட்டிலும் நீங்கள் அம்மாவின் கையை விடவில்லை. இன்றைக்கும் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், அக்கா.