முப்பது நிமிட ‘ட்வீசர்’ இழுவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்ணூறுகளின் ராக் ஆல்பங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஃபிஷ் குழுவின் ‘எ லைவ் ஒன்’ ஆல்பத்துக்கு நான்கே வரி ஒதுக்கியிருந்தீர்கள். சின்னப் பாட்டுகள் பரவாயில்லை, நீளமானவை வெறும் இழுவை என்பதுதான் அந்த நான்கு வரியின் சாரம். என் கருத்து இதற்கு நேர் எதிர். அந்த ஆல்பத்தின் உயிரே நீளமான உருப்படிகளில்தான் இருக்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் குட்டையானவற்றில்தான் சொல்ல வேண்டும். பெங்களூரு சாமராஜ்பேட்டை கோட்டை மைதானத்து ராமநவமிப் பந்தலில், கர்நாடக இசையின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவியை அசையாமல் உட்கார்ந்து கேட்கிற ஊர் இது. இங்கே வருகிற பத்திரிகை, நீளத்தையே ஒரு குற்றமாக எழுதியது மனதை உறுத்துகிறது.

முதலில் விவரம். 1983இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய குழு ஃபிஷ். கிடார் ட்ரே அனஸ்டாசியோ, பேஸ் (கீழ் ஸ்வரங்களுக்கான கிடார்) மைக் கார்டன், கீபோர்டு பேஜ் மெக்கானல், டிரம்ஸ் ஜான் ஃபிஷ்மேன். ‘எ லைவ் ஒன்’ 1995 ஜூன் 27 அன்று எலெக்ட்ரா நிறுவன வெளியீடாக வந்தது. இரண்டு சி.டி., பன்னிரண்டு உருப்படிகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லாமே 1994ஆம் ஆண்டு மேடைகளில் பதிவானவை. ‘ஹாரி ஹூட்’, ‘ஸ்லேவ் டு தி டிராஃபிக் லைட்’ இரண்டும் ரசிகர்கள் பல ஆண்டுகளாக மேடையிலும் கேசட்டிலும் மட்டுமே கேட்டு வந்தவை. அதுவரை எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இடம்பெறவில்லை.

எல்லாம் ஒரே கச்சேரியில் எடுத்ததாகக் கட்டுரை சொல்கிறது. பிழை அதை எழுதியவருடையது மட்டுமல்ல. ஆல்பத்தின் உறையிலேயே ‘கிளிஃபோர்ட் பால்’ என்ற இடத்தில் பதிவானதாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஓர் அரங்கம் அப்போது கிடையாது. 1996 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கில், மூடப்பட்ட விமானப்படைத் தளத்தில் நடத்திய இரண்டு நாள் விழாவுக்கு அந்தப் பெயரைப் பிறகு வைத்தார்கள். உண்மையில் ‘ஸ்டாஷ்’ பதிவானது ஜூலை 8, மாசசூசெட்ஸின் கிரேட் வுட்ஸ். ‘ட்வீசர்’ நவம்பர் 2, மெய்ன் மாநிலத்தின் பாங்கோர். ‘யூ என்ஜாய் மைசெல்ஃப்’ டிசம்பர் 7, சான் டியாகோ. ‘வில்சன்’ டிசம்பர் 30, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எந்த சபா, எந்த வருஷம், மிருதங்கம் யார் என்று கேட்டுக் கேசட் வாங்கியவர்களுக்கு அந்த உறை பெரிய ஏமாற்றம். குழுவுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கலாம். ஒவ்வோர் இரவும் வேறு மாதிரி வாசிப்பதுதான் தங்கள் கலை என்று சொல்கிறவர்கள், எந்த இரவு என்பதை மறைத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

இனி ‘ட்வீசர்’. 1992இல் வந்த ‘எ பிக்சர் ஆஃப் நெக்டர்’ ஆல்பத்தில் இதே பாட்டு ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிறது. இங்கே கிட்டத்தட்ட முப்பத்தொரு நிமிடம். பாடும் பகுதி தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். மிச்சம் முழுக்க அந்த நேரத்தில் மேடையில் உருவானது. கிடாரைப் பின்தொடர்ந்து கேட்பவர்களுக்கு இது இழுவையாகத்தான் படும். காதை பேஸுக்குக் கொடுங்கள். மைக் கார்டன் சுருதியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் பக்கவாத்தியக்காரர் அல்ல. அவர் ஒரு பிடியை மாற்றினால் டிரம்ஸ் அதற்கு இடம் கொடுக்கிறது, பியானோவிலிருந்து கை ஹாமண்ட் ஆர்கனுக்குப் போகிறது, கிடார் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. இந்த வரிசையை ஒரு முறை பிடித்துவிட்டால் முப்பது நிமிடமும் நாலைந்து அறைகள் கொண்ட வீடு மாதிரி விளங்கும். நடுவே தாளம் கரைந்து நால்வரும் தேடுகிற ஒரு பகுதி உண்டு. அங்கே எதுவும் உடனே கிடைப்பதில்லை. அதை வெட்டாமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தேடியதைக் கேட்டவருக்குத்தான் கிடைத்தபோது அதன் அருமை தெரியும்.

ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்டு வாசிப்பது தானாக வந்ததில்லை. ஒத்திகையில் இவர்கள் செய்த ஒரு பயிற்சியைச் சொன்னால் விளங்கும். ஒருவர் சின்னதாக ஒரு வாசிப்பைத் தொடங்கி அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார். மற்ற மூவரும் அதை நகல் எடுக்காமல், அது விட்ட இடைவெளியில் பொருந்தும்படி ஆளுக்கொன்று சேர்க்க வேண்டும். மற்ற மூன்றும் அடங்கி நிலைபெற்றுவிட்டன என்று காதில் பட்டதும் ‘ஹே’ என்று குரல் கொடுக்க வேண்டும். நால்வர் குரலும் ஒன்றாக விழுந்தால் அடுத்தவர் புதிதாகத் தொடங்கலாம். ஒருவர் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ‘ஹே’ சொன்னால், குரல் கொடுத்தவர் தன் வாத்தியத்தை மட்டும் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். ‘ட்வீசரி’ல் நடப்பது இதேதான், குரல் மட்டும் இல்லை.

நிரவலோடு (பாட்டின் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடி விரிப்பதோடு) ஒப்பிடலாமா என்று கேட்டால், பாதி வரைக்கும் ஒப்பிடலாம். நிரவலில் சாகித்தியமும் தாளமும், தாளத்தில் வரி தொடங்கும் இடமான எடுப்பும் நிலையானவை. எவ்வளவு தூரம் போனாலும் வந்து சேரும் இடம் கையில் போடும் தாளத்தில் தெரியும். இங்கே தாளம் போட யாரும் இல்லை, எடுப்பும் கிடையாது. திரும்புவார்களா என்பதே அப்போது தெரியாது. ஆபத்தும் அதில்தான், சுவையும் அதில்தான்.

‘ஹாரி ஹூட்’ இன்னொரு வகை. பின்பாதி முழுவதும் டி, ஏ, ஜி என்று மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றிச் சுற்றி வரும். டி-யை ஸட்ஜமாக வைத்தால் அடிஸ்வரங்கள் ஸ, ப, ம. அவ்வளவுதான் மூலதனம். டிரம்ஸ் ஏறக்குறைய கேட்காத அளவில் தொடங்கி, கிடார் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வைத்து, பல நிமிடம் பொறுத்துத்தான் உச்சத்துக்குப் போகிறார்கள். உச்சத்தை மட்டும் கேட்க நடுவிலிருந்து ஓட்டினால் அது வெறும் சத்தமாகத்தான் இருக்கும். ‘ஸ்டாஷ்’ இதற்கு மாறானது. முன்பகுதி வாசிப்பில் கூட்டம் மூன்று முறை கைதட்டுவது தெளிவாகக் கேட்கும். அதன்பின் டி மைனர் ஸ்வர வரிசையில், வந்து இறங்க வேண்டிய ஸ்வரத்தில் இறங்காமல் கிடார் தள்ளிக்கொண்டே போகும். இறங்கிய கணத்தில் அரங்கமே மூச்சு விடுவது பதிவாகியிருக்கிறது.

குறைகளும் உண்டு. ‘மான்டானா’ இரண்டு நிமிடத் துண்டு. மான்டானா மாநிலத்தின் போஸ்மனில் வாசித்த இன்னொரு ‘ட்வீசரி’லிருந்து நறுக்கி எடுத்தது. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தெரியாமல் பல்லவியின் நடுவில் ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் வானொலியில் போட்டதுபோல இருக்கிறது. முதல் பாட்டு ‘பவுன்சிங் அரவுண்ட் தி ரூம்’ கேட்க இனிமைதான். ஆனால் ஆல்பத்தின் குணம் இதுதான் என்று புதியவர் தவறாக நினைத்துக்கொள்வார். ‘யூ என்ஜாய் மைசெல்ஃப்’ பாட்டில் கிடார்காரரும் பேஸ்காரரும் சிறு டிராம்போலின்கள் மேல் குதித்துக்கொண்டே வாசிக்கும் இடத்தில் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ஒலியை மட்டும் கேட்பவருக்கு அது எதற்கென்று புரியாது. உறையில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

கேட்கும் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதிக் குறை அங்கிருந்துதான் வருகிறது. பேஸ் கிடாரின் தடித்த ‘ஈ’ கம்பி 41 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கரும் உள்ளங்கை அளவு ப்ளூடூத் டப்பாவும் அவ்வளவு கீழே இறங்காது. பேஸ் இல்லாத ‘ட்வீசர்’ மிருதங்கமும் தம்பூராவும் இல்லாத கச்சேரிதான். இயர்போன் போதும், ஆனால் ரப்பர் முனை காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் தொலைவது பேஸ்தான். மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டில் ஏறி எம்.ஜி. ரோட்டில் இறங்குவதற்குள் ‘ட்வீசர்’ முழுதாக முடிந்துவிடும். ஆனால் ரயிலின் உறுமலும் அதே கீழ் அலைவரிசையில் இருப்பதால் ‘ஹாரி ஹூட்’டின் மெதுவான பகுதி காணாமல் போகும். அதை வீட்டில், இரவில் கேளுங்கள். சவுண்ட்பாரில் ‘நைட் மோடு’ இருந்தால் நிறுத்திவிடுங்கள். சிறிய ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை இறக்கும் வசதி அது. மெதுவிலிருந்து உச்சத்துக்கு ஏறுவதுதான் பாட்டே. செயலியில் ஷஃபிளும் கிராஸ்ஃபேடும் கூடாது. கிராஸ்ஃபேடு போட்டிருந்தால் ஒரு பாட்டின் கடைசி விநாடிகள் மேல் அடுத்தது ஏறி உட்கார்ந்துவிடும்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஸ்டாஷ்’, பிறகு ‘ஹாரி ஹூட்’, மூன்றாவதாக ‘ட்வீசர்’ என்று போகலாம். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் சி.டி.யை வரிசை மாறாமல் கேட்கட்டும். அதன் கடைசி உருப்படி ‘தி ஸ்குவிர்மிங் காயில்’. அதில் பாட்டு முடிந்து மற்றவர்கள் ஓய்ந்தபின் பேஜ் மெக்கானல் தனியாகப் பியானோ வாசிக்கிறார். முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே நிறுத்திவிடுபவர்கள் அதிகம். ஆட்டோபிளேயையும் முன்கூட்டியே அணைத்துவையுங்கள். இல்லையென்றால் கடைசிச் சுவரம் அடங்குவதற்குள் செயலி வேறு யாரையாவது பாட வைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.