உப்புக் காய்ச்சும் தீவிலிருந்து

லேசோ, டென்மார்க்
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நகரத்தை விட்டு ஏன் தீவுக்குப் போனாய் என்று கேட்டிருந்தீர்கள். முதியோர் இல்லத்தில் ஆள் தேவைப்பட்டது, வந்தோம். பெருநிலத்துத் துறைமுகமான பிரெடரிக்ஸ்ஹாவ்னிலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல் பயணம். தீவில் மொத்தமே ஏறக்குறைய 1,800 பேர். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், எனக்கும் பயமில்லை. குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதுதான் கடினம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

ஆனால் நான் உங்களுக்கு எழுத வந்தது உப்பைப் பற்றி. ஆனையிறவு உப்பளத்தில் இத்தனை காலம் பாத்தியில் நின்றவர் நீங்கள். இந்தத் தீவின் கதை உங்களுக்குத்தான் முழுதாக விளங்கும்.

தீவின் தெற்கே ரொன்னர் என்று பரந்த தட்டை நிலம். கடல் அதன்மேல் ஏறி இறங்கும். கோடையில் நீர் ஆவியாகி, மீந்த உப்பு மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள களிமண்ணின் மேல் தங்கிவிடுகிறது. அங்கே குழி தோண்டினால் ஊறும் நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கிறது. நமக்குச் சோளகக் காற்றும் வெயிலும் செய்யும் வேலையை முழுதாகச் செய்ய இங்கே வெயில் போதாது. ஆகவே இடைக்காலத்தில் குடிசைகள் போட்டு, இரும்புத் தட்டில் அந்த நீரை விறகு எரித்துக் காய்ச்சினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகளின் தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. தீவு அப்போது வீபோர் பேராலயக் குருமாரின் சொத்து. அவர்களுக்குரிய வரியும் உப்பாகவே போனது.

விறகுக்காகக் காடு முழுவதும் அழிந்தது. 1652இல் தொழில் நின்றது. மரமில்லாத மண்ணைக் காற்று தூக்கி வயல்களின் மேல் கொட்டியது. இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது அப்பா. ஊருக்குச் சோறு போட்ட தொழிலே ஊரை மூடியிருக்கிறது.

அதற்குப் பிறகு இந்தத் தீவுப் பெண்கள் செய்ததை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆண்கள் கடலில். பயிரும் மாடும் பெண்கள் பொறுப்பு. வீடு கட்ட மரமில்லை என்று கரையில் உடைந்த கப்பல்களின் மரத்தை எடுத்தார்கள். கூரைக்கு, கரை ஒதுங்கும் கடற்புல்லை உலர்த்தி, கயிறாக முறுக்கி, ஊர்ப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் கூடி வேய்ந்தார்கள். உப்பு ஊறிய புல் என்பதால் எளிதில் மக்காது, தீயும் சட்டென்று பற்றாது. நம் பனையோலைக் கூரையை அடிக்கடி மாற்றுவோமே, இது நூறாண்டுக்கு மேலும் நிற்கிறது. 1930களில் கடற்புல்லை நோய் தாக்கியதால் இந்தக் கலையும் தேய்ந்தது. எஞ்சியவை கொஞ்ச வீடுகளே. சுவருக்குமேல் கம்பளி விரித்ததுபோலத் தடித்துத் தொங்கும் அந்தக் கூரைகளைப் பார்க்கத்தான் கப்பல் நிறைய ஆட்கள் வருகிறார்கள். இப்போது பழையவற்றைப் புதுப்பிக்கிறார்கள். 2013இல் கடற்புல்லாலேயே புது வீடொன்றும் கட்டிக் காட்டினார்கள்.

உப்பும் திரும்பியிருக்கிறது. 1990களில் பழைய முறைப்படியே குடிசை கட்டிக் காய்ச்சத் தொடங்கினார்கள். நான் போய்ப் பார்த்தேன். உள்ளே புகையும் ஆவியும் கண்ணை மறைக்கின்றன. தட்டின்மேல் உப்பு பூத்ததும் வாரிக் கூடையில் போட்டு நீர் வடியவிடுகிறார்கள். மெல்லிய பொடி. உங்கள் பாத்தி உப்பின் கல் பருமன் இதில் இல்லை, ஆனால் நாவில் உடனே கரைகிறது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கே பிடிக்கும் மெலிந்த சிங்கி இறாலை வெண்ணெயில் மட்டும் வதக்குகிறார்கள். நான் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டி, முதியோர் இல்லத்து சமையற்காரிக்குக் கொடுத்தேன். கண்ணில் நீர் வந்தும் தட்டைக் காலி செய்தார்.

உப்புப் பொட்டலம் இரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றை அம்மா ஊறுகாய்க்கு எடுக்கட்டும், மற்றதை நீங்கள் சோதித்துப் பாருங்கள். நீர் எந்தப் பதத்துக்கு வந்ததும் அடுத்த பாத்திக்கு மாற்றுவீர்கள், உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை எப்போது வெளியேற்றுவீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். நான் உங்களைப் பற்றிச் சொன்னதும் இங்கே காய்ச்சுகிறவர்கள் ஆவலாகக் கேட்டார்கள். வரும் சனிக்கிழமை தொலைபேசியில் பேசுகிறேன்.

உங்கள் அன்பு மகள்