காக்காவின் பல்லும் முதலாளியின் கண்ணும்

கல்முனை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை சரிவந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரும்போக அறுவடை. மில் வாசலில் விடிய விடிய உழவு மெசின்கள் வரிசை. அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

படிப்பும் கணக்கும் ஒரு பக்கம் கிடக்கட்டும், கடைசியில் மனம் சொல்வதைக் கேட்பவன்தான் நல்ல முகாமையாளன் என்று எழுதியிருந்தாய். பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதிக்கு உன்னோடு மல்லுக்கட்டத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மில்லில் நெல் பார்த்து எடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். சாக்குக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளுவார். இரண்டு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று முறிந்தால் சரி. நசிந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த சாக்குக்குப் போய்விடுவார். அரசாங்கக் கொள்வனவில் உலர்ந்த நெல்லுக்கு 14 வீத ஈரம்தான் எல்லை; நாங்களும் அதைத்தான் பார்க்கிறோம். மேசையில் ஈரம் அளக்கும் மீற்றர் இருக்கிறது. அதுவும் காக்காவின் பல்லும் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்லும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஈர நெல்லை அடுக்கினால் குவியல் சூடேறி அரிசி பழுப்படிக்கும். மிஞ்சிக் காய்ந்ததைக் குற்றினால் குறுணல் விழும். இரண்டும் சில நாளிலேயே அவர் கண் முன்னால் வந்து நிற்கும், முதலாளியின் ஏச்சும் கூடவே வரும். அப்படி வருசக்கணக்காகப் பதில் வாங்கிய பல் அது. முகாமைத்துவத்தில் முடிவெடுப்பதை ஆராய்ந்து 1978இல் நோபல் பரிசு பெற்ற ஹேர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது பழகியதை அடையாளம் காண்பதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார்.

ஆனால் அதே முதலாளி வேலைக்கு ஆள் எடுக்கும்போது முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர் திருப்பியனுப்பிய பையன் வேறொரு இடத்தில் நன்றாக உழைத்தால் அந்தச் செய்தி அவர் காதுக்கு வராது. எடுத்தவன் விட்டுவிட்டு ஓடினால் "இப்பத்தப் பொடியனுகள்" என்பார். இருபது வருசம் போனாலும் கண் அதே கண்தான். நம்பிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வை மெச்சிய கேரி கிளைன், உள்ளுணர்வை எப்போதும் சந்தேகித்த டானியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்களும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை பிடிப்பார்கள் என்று பார்த்தால் ஒத்துப்போய்விட்டார்கள்: வேலை ஓர் ஒழுங்குக்குள் நடக்க வேண்டும், அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ளப் போதிய காலமும், செய்தது சரியா பிழையா என்ற பதிலும் கிடைக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது கணக்கிலேயே இல்லை.

தத்துவத்துக்கு வருவோம், அதுதானே உனக்குப் பிடித்தது. பொதுப்புத்தியை நம்பிய உன் ஆள், தத்துவவாதி மூர், 1939இல் கையை உயர்த்தி "இதோ ஒரு கை" என்று காட்டிப் புற உலகம் உண்டென்று வாதாடினாரே, அவர் பக்கம்தான் நானும். கை உண்டு என்பதை விட உறுதியாக எந்தச் சந்தேகவாதியின் வாதம் இருக்கப்போகிறது? ஆனால் அதே பொதுப்புத்திதான் பாரமான பொருள் விரைவாக விழும் என்றும் சொன்னது. பாரமான கல்லோடு சின்னக் கல்லைக் கட்டினால் என்ன ஆகும் என்று கலிலியோ கேட்டார். சின்னது இழுத்துப் பிடித்து வேகம் குறைய வேண்டும். கூட்டுப் பாரத்தால் வேகம் கூடவும் வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும்? எனக்கு இதில் பிடித்தது, பொதுப்புத்தியை அவர் மடக்கியதும் யோசனையால்தான். இறகு மெதுவாக விழுவதை நாளாந்தம் பார்க்கிறோம், பதிலும் கிடைக்கிறது. ஆனால் நடுவில் காற்று நிற்பது தெரிவதில்லை. 1971இல் அப்பலோ 15 பயணி சந்திரனில் சுத்தியலையும் இறகையும் விட்டபோது இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

அப்புறம், உன் கடைக்கு ஆள் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாயே. கானமன் இளம் வயதில் இஸ்ரேல் இராணுவத்துக்கு ஒரு நேர்முக முறை போட்டுக் கொடுத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியே விசாரித்துப் புள்ளி போட வேண்டும். கடைசியில் கண்ணை மூடி மனதில் பட்டதற்கும் ஒரு புள்ளி. அந்தக் கடைசிப் புள்ளியும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்குப் பலித்ததாம். நீயும் முதலில் ஆறு கேள்வியை எழுதி வைத்துக்கொள். வருகிறவனின் ஊர் எது என்பதை அதில் சேர்க்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

சித்திரைக்கு வருவதென்றால் டிக்கெட் போட்டதும் சொல்லு.

உன்,
பழைய வாங்குத் தோழன்