கொடைக்கானலுக்குப் பட்டியல் போதாது, வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் தொடங்கினால் நாளிதழ்களில் கொடைக்கானல் பற்றி ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. பேருந்து நிலையத்திலிருந்து கோக்கர்ஸ் வாக் அரை கி.மீ., குறிஞ்சி ஆண்டவர் கோயில் 3 கி.மீ., பசுமைப் பள்ளத்தாக்கு 5.5 கி.மீ., தூண்பாறை 8 கி.மீ., வெள்ளி நீர்வீழ்ச்சி 8 கி.மீ. என்று. எண்களில் பிழை இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற முடியாது. எட்டு கி.மீ. உள்ள இரண்டு இடங்களும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன என்பதோ, பசுமைப் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் தூண்பாறைக்குப் போக வேண்டும் என்பதோ பட்டியலில் தெரியாது. அதனால் இரண்டு நாள் தங்க வரும் குடும்பம் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் கிளம்பி, ஒவ்வொரு முறையும் ஏழு ரோடு சந்திப்பிலேயே வந்து நிற்கிறது. நெரிசலுக்கு வாகனப் பெருக்கம் மட்டும் காரணமல்ல, ஊரின் அமைப்பு தெரியாமல் சுற்றுவதும் பெரிய காரணம்.

முதலில் நுழைவு. வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் குறுகிய சாலை ஆகிய மூன்றும் பெருமாள்மலையில் கூடுகின்றன. அங்கிருந்து நகருக்குப் பெரிய வண்டிகள் நம்பிப் போகும் சாலை ஒன்றுதான். பேரிஜம் ஏரி வழியே மூணாறு பக்கம் போன பழைய சாலை மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. எனவே கொடைக்கானல் ஒரே பாலம் உள்ள தீவு மாதிரிதான். வெள்ளி நீர்வீழ்ச்சி, பாலம் போன்ற அந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிவு செய்து வாங்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்த பிறகு சோதனையும் அருவிக்கு அருகிலுள்ள சுங்கச்சாவடியில்தான் நடக்கிறது. ஏறும்போது அங்கே வண்டியை ஓரங்கட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அறை எடுத்த பிறகு அருவிக்காகத் திரும்பி இறங்கினால் போக வர 16 கி.மீ., அதுவும் நகருக்குள் நுழையும் மூஞ்சிக்கல் பகுதியின் நெரிசல் வழியாக. ஊர் திரும்பும் நாளில், காலையில் இறங்கும்போது பார்ப்பதே சரி. அருவியில் விழுவது ஏரியின் உபரி நீர். மழை பெய்து ஏரி நிரம்பி வழியும்போது பாறை முழுக்க வெள்ளையாக இறங்கும், கோடையில் நூலாகத்தான் இருக்கும். ஊரைக் கடந்து வரும் தண்ணீர் என்பதால் குடிக்கக் கூடாது.

ஊரின் நடுப்பகுதி ஒரு கிண்ணம். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அதன் அடியில் கிடக்கிறது. பரப்பு சுமார் 60 ஏக்கர்தான். ஆனால் நட்சத்திரம் போல கைகளை நீட்டிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு கையையும் வளைந்து சுற்றும் ஏரிச்சாலை சுமார் 5 கி.மீ. நீளம். எதிர்க்கரையில் தெரிகிற விடுதியைப் பார்த்து, பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம் என்று வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாதி வழியில் தவித்துப்போகிறார்கள். மஞ்சு (மூடுபனி) மூடி எதுவும் தெரியாதபோது ஒரு விதி உதவும்: கிண்ணத்துக்குள் இருக்கும்வரை இறங்குகிற சாலை ஏரிக்குப் போகும்.

கிண்ணத்தின் கிழக்கு விளிம்பில் பேருந்து நிலையம், அண்ணா சாலைக் கடைகள், இன்டர்நேஷனல் ஸ்கூலை ஒட்டிய ஏழு ரோடு எல்லாம் இருக்கின்றன. தெற்கே மலை சமவெளியை நோக்கிச் செங்குத்தாக முறிகிறது. அந்த முறிவின் ஓரமாகத்தான் 1872-இல் லெப்டினன்ட் கோக்கர், இன்று கோக்கர்ஸ் வாக் எனப்படும் நடைபாதையை அமைத்தார். சுமார் ஒரு கி.மீ. நீளம். வான் ஆலன் மருத்துவமனைப் பக்கம் நுழைந்து, புனித பீட்டர் தேவாலயப் பக்கம் வெளியேறி, அப்படியே 1908-இல் தொடங்கிய பிரையண்ட் பூங்காவுக்கும் அங்கிருந்து படகுத் துறைக்கும் இறங்கிவிடலாம். மூன்றும் நடக்கிற தூரம். இதற்குக் காரை எடுப்பவர்கள் நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

நேரமும் அமைப்போடு சேர்ந்ததே. வெயில் ஏற ஏறச் சமவெளியின் சூடான ஈரக்காற்று தெற்குச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதனால் தெற்கு விளிம்பில் உள்ள எல்லாக் காட்சி முனைகளும் பிற்பகல் 3 மணிக்கு மேல் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். கோக்கர்ஸ் வாக், பசுமைப் பள்ளத்தாக்கு, தூண்பாறை, வட்டக்கானல் பக்கமுள்ள டால்பின் நோஸ் நான்கும் காலைக்கு உரியவை. பைன் காட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, மஞ்சில் அது இன்னும் அழகு.

உள்ளூர் ஓட்டுநர்கள் பன்னிரண்டு மைல் என்று சொல்லும் மேற்குச் சுற்றை இந்தக் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கோல்ஃப் கிளப் பக்கமாக ஏறிப் பசுமைப் பள்ளத்தாக்கு, பிறகு தூண்பாறை, அதை அடுத்துக் குணா குகை, பைன் காடு, கடைசியில் மோயர் பாயிண்ட். சீசனில் போலீசார் ஒருவழியாக்கியிருந்தால் அவர்கள் காட்டும் திசைதான். தூண்பாறை சுமார் 400 அடி உயரம். மஞ்சு மூடியிருந்தால் உடனே திரும்பிவிட வேண்டாம், இருபது நிமிடம் பொறுத்தால் சில நேரம் காற்று அடித்து மூன்று தூண்களும் அடிவரை தெரியும். குணா குகையில் பாறைகளுக்கு நடுவே உள்ள பிளவுகள் ஆழமானவை. மேலே சருகும் வேரும் மூடியிருப்பதால் தரை மாதிரி தெரியும், வேலியைத் தாண்டவே கூடாது. மோயர் பாயிண்டில் உள்ள நினைவுக்கல், பேரிஜம் நோக்கிய கோஷன் சாலைப் பணி 1929-இல் தொடங்கியதற்கானது. அதைத் தாண்டிப் பேரிஜம் போக வனத்துறை அனுமதி தேவை. ஒரு நாளைக்கு அனுமதிக்கும் வாகனங்களுக்கு வரம்பு உண்டு என்பதால் முன்கூட்டியே வாங்காமல் அதைப் பயணத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

வடக்கு விளிம்பு நாயுடுபுரம் வழி. செட்டியார் பூங்காவும் 1936-இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் அந்தச் சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. தெளிந்த நாளில் கோயிலிலிருந்து பழனி தெரியும். குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பூம்பாறையும் மன்னவனூரும் அப்சர்வேட்டரி சாலையில் வெகு தூரம் தள்ளி உள்ளவை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், மாலையில் போய்வருகிற இடங்கள் அல்ல.

பட்டியலால் அதிகம் பாதிக்கப்படுவது தெற்கே உள்ள வட்டக்கானல் என்ற சிற்றூர். தூரம் குறைவு என்று பார்த்துவிட்டு டெம்போ டிராவலரைக்கூட ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சாலை ஒரு வண்டி அகலம், திருப்ப இடம் மிகக் குறைவு. எதிரில் ஒரு ஜீப் வந்தால் ஒருவர் பள்ளத்தின் ஓரமாகப் பின்னால் நகர்ந்தாக வேண்டும். நகரிலேயே வண்டியை விட்டு உள்ளூர் டாக்சியில் போவது நல்லது. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு மரவேர்கள் பின்னிய சரிவில் நடந்து இறங்க வேண்டும். ஈரத்தில் அந்த வேர்கள் சோப்புத் தடவியது போல வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு இல்லாதவர்கள் பாம்பார் அருவியோடு திரும்பிவிடலாம். இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும்.

எனவே தங்கள் நாளிதழின் கோடை மலரில் அரைப் பக்கம் ஒதுக்கி ஒரு வரைபடம் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். நடுவில் ஏரி, கிழக்கே நுழைவுச் சாலை, மேற்கே பன்னிரண்டு மைல் சுற்று, வடக்கே நாயுடுபுரம், தெற்கே வட்டக்கானல். நடந்து போகும் இடத்துக்கு ஒரு நிறம், வண்டி வேண்டிய இடத்துக்கு ஒரு நிறம், காலையில் மட்டும் பார்க்க வேண்டிய முனைகளுக்குச் சூரியக் குறி, வேன் திரும்ப முடியாத சாலைக்குச் சிவப்புக் கோடு. இதே படத்தை இ-பாஸ் பதிவுப் பக்கத்திலும், பெருமாள்மலையில் வண்டிகள் டீக்கு நிற்கிற இடத்தில் பெரிய பலகையாகவும் வைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். ஏழு ரோட்டில் வைக்கிற பலகையை யாரும் படிப்பதில்லை. அங்கே வந்து சேர்வதற்குள் ஓட்டுநர் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டிருப்பார்.

இப்படிக்கு,
நாயுடுபுரம் வாசகர்கள்,
கொடைக்கானல்